கவுன்ட்டர் இருந்த இடம்: அமெரிக்கச் சிற்றூர்களின் பழைய பலசரக்குக் கடைக் கட்டடங்கள்

அமெரிக்கச் சிற்றூர்களில் இன்னும் நிற்கும் பழைய பலசரக்குக் கடைகளைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி, கடையை யார் நிறுவினார், எந்த ஆண்டில் கட்டினார், அவருக்குப் பின் யார் யாரிடம் அது கைமாறியது என்ற உரிமையாளர் வரிசையோடு நின்றுவிடுகிறது. அந்த வரிசை தேவையானதுதான். ஆனால் கட்டடத்துக்குள் போய் நின்று பார்ப்பவருக்கு எழும் கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. இவ்வளவு நீளமான பக்கச் சுவர்களில் ஏன் ஒரு ஜன்னல்கூட இல்லை? தாழ்வாரம் தெருவிலிருந்து ஏன் இடுப்பளவு உயரத்தில் இருக்கிறது? மாடிப்படி ஏன் கடைக்குள் தொடங்காமல் வெளிச்சுவரை ஒட்டி ஏறுகிறது? தரைப் பலகைகள் நடுவில் ஒரு விதமாகவும் சுவரோரத்தில் வேறு விதமாகவும் தேய்ந்திருப்பது எதனால்? இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விடை, கடைக்காரரும் வாடிக்கையாளரும் எப்படி எதிரெதிரே நின்றார்கள் என்பதில் இருக்கிறது. அவர்களுக்கு நடுவில் கவுன்ட்டர் இருந்தது. அதன் பின்னால் கடன் பேரேடு இருந்தது. அந்த இரண்டும் எங்கே இருந்தன, எப்போது அகற்றப்பட்டன என்று கண்டுபிடித்துவிட்டால், கட்டடத்தின் வரலாற்றில் பாதிக்கு மேல் கைக்கு வந்துவிடும் என்பது என் கருத்து.

முதலில் கட்டடத்தின் வடிவம். 19ஆம் நூற்றாண்டில் மனை பிரித்து விற்கப்பட்ட ஊர்களில் முதன்மைத் தெருவைப் பார்த்த முகப்புக்குத்தான் மதிப்பு அதிகம் என்பதால், கடை மனைகள் பெரும்பாலும் 20 முதல் 25 அடி அகலத்தில், அதைப் போல மூன்று நான்கு மடங்கு நீளத்தில் அளக்கப்பட்டன. அந்தக் குறுகிய நீண்ட கூடத்தின் இரு பக்கச் சுவர்களும் தரையிலிருந்து கூரை வரை சரக்குத் தட்டுகளாலேயே நிரம்பின. ஜன்னல் வைத்தால் தட்டுக்கான இடம் போகும். வெயில் பட்டால் துணி வெளுக்கும். ஆகவே வெளிச்சம் முன்புறக் கண்ணாடிகள் வழியாகவும், கதவுக்கு மேலுள்ள சிறு கண்ணாடிகள் வழியாகவும், பின்சுவரிலிருந்த ஓரிரு ஜன்னல்கள் வழியாகவும் மட்டுமே உள்ளே வந்தது. கூரையை உயரமாக அமைத்ததும் தட்டுகளைக் கூடுதலாக அடுக்குவதற்காகத்தான். மேல்தட்டை எட்டுவதற்காகச் சுவரோரம் உருண்டு செல்லும் ஏணிகள் பல கடைகளில் இருந்தன. ஒரு பக்கத்தில் துணி, நூல், பொத்தான், காலணி ஆகியவையும், மறுபக்கத்தில் மாவு, காப்பி, தேயிலை, சர்க்கரை, மருந்துப் புட்டிகள் ஆகியவையும் வைக்கப்படுவது வழக்கம். ஆணி, கருவிகள், உப்பிட்ட இறைச்சி, காடி, கரும்புப்பாகு, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் பீப்பாய்கள் பின்பகுதிக்கோ நிலவறைக்கோ போயின. கூடத்தின் நடுவில் இரும்புக் கணப்பு அடுப்பு ஒன்று இருக்கும். அதன் புகைக்குழாய் கூரையைத் துளைத்த இடம் பல கட்டடங்களில் இன்றும் ஒட்டுப் போட்ட வட்டமாகத் தெரியும்.

இரு பக்கத் தட்டுகளுக்கு முன்னால் அநேகமாகக் கூடத்தின் முழு நீளத்துக்கும் கவுன்ட்டர்கள் ஓடின. வாடிக்கையாளர் நடுவில் நிற்க வேண்டும். சரக்கைத் தொட முடியாது. கேட்டதைக் கடைக்காரர் எடுத்து, நிறுத்து, அளந்து, கட்டிக் கொடுப்பார். துணியை அளப்பதற்காகக் கவுன்ட்டரின் விளிம்பில் ஒரு கெஜ இடைவெளியில் பித்தளைக் குமிழ் ஆணிகள் அடிக்கப்பட்டிருக்கும். பழைய கவுன்ட்டர் ஒன்று தப்பிப் பிழைத்திருந்தால் முதலில் தேட வேண்டியது இந்த ஆணிகளைத்தான், ஏனென்றால் கூடத்தின் எந்தப் பக்கம் துணிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை அவை காட்டிக்கொடுத்துவிடும்.

தாழ்வாரத்தின் உயரத்துக்குக் காரணம் குதிரை வண்டி. வண்டித் தட்டின் மட்டத்தில் தாழ்வாரத் தரை இருந்தால் பீப்பாயைத் தூக்க வேண்டியதில்லை, உருட்டினால் போதும். மாடிப்படி வெளியே இருந்ததற்குக் காரணம், மாடி பெரும்பாலும் கடைக்கு உரியதாக இல்லாமல் ஊருக்குப் பயன்பட்டதுதான். சிற்றூரில் ஐம்பது பேர் உட்காரக்கூடிய அறை வேறு எங்கும் இல்லாத நிலையில், கடையின் மாடிக்கூடத்தில்தான் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் சகோதரச் சங்கங்கள் கூடின. நடனமும் நாடகமும் வாக்கெடுப்பும் நடந்தன. கீழே கடை பூட்டியிருக்கும் நேரத்தில் மேலே கூட்டம் நடக்க வேண்டுமானால் படி வெளியே இருந்தாக வேண்டும்.

இதற்கு வெர்மான்ட் மாநிலத்தின் பிளிமத் நாட்ச் என்ற சிற்றூரில் மிகத் தெளிவான சான்று இருக்கிறது. அமெரிக்காவின் முப்பதாவது குடியரசுத் தலைவரான கால்வின் கூலிட்ஜ் 1872 ஜூலை 4 அன்று பிறந்தது, தம் தந்தை நடத்திய பலசரக்குக் கடையோடு ஒட்டிய வீட்டில். 1923 ஆகஸ்டில், அப்போதைய தலைவர் வாரன் ஹார்டிங் இறந்த செய்தி வந்த இரவில், துணைத் தலைவராக இருந்த கூலிட்ஜ் அதே ஊரில் தம் தந்தையின் வீட்டில் தங்கியிருந்தார். அந்த வீட்டில் தொலைபேசி இல்லை. தலைநகரோடு பேசுவதற்குத் தெருவைக் கடந்து கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. விடியற்காலை 2.47 மணிக்கு, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், நோட்டரியாக இருந்த தந்தையே மகனுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். அடுத்த ஆண்டுக் கோடையில் கடையின் மாடிக்கூடம் குடியரசுத் தலைவரின் கோடைக்கால அலுவலகமாகவே பயன்பட்டது. அரிசியையும் ஆணியையும் விற்ற கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து நாட்டின் நிர்வாகம் சில நாட்கள் நடந்தது என்பது இன்று விந்தையாகத் தோன்றலாம். சிற்றூர் ஒன்றில் பொதுக் காரியத்துக்கு உகந்த அறை அது ஒன்றுதான் என்று அறிந்தவர்களுக்கு அதில் விந்தை எதுவும் இருந்திருக்காது.

மேற்குப் பகுதிகளில் அவசரமாக எழுந்த ஊர்களில் முகப்பே தனிக் கதை. சாதாரண முக்கோணக் கூரை கொண்ட மரக்கட்டடத்தின் முன்னால், கூரையை மறைக்கும் அளவுக்கு உயரமான சதுரப் பலகைச் சுவர் ஒன்றை எழுப்புவார்கள். பெரிய நகரத்தின் கடைவீதியைப் போலத் தோன்ற வேண்டும், பெயர் எழுத இடம் வேண்டும் என்ற இரண்டு தேவைகளையும் அந்தப் பொய்முகப்பு நிறைவேற்றியது. ஒரு தீ விபத்தில் தெருவே எரிந்த பிறகு செங்கல்லில் திரும்பக் கட்டியவர்களுக்கு வேறு வழி கிடைத்தது. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரிலும் இந்தியானாவின் எவன்ஸ்வில் நகரிலும் இயங்கிய மெஸ்கர் குடும்பத்தாரின் நிறுவனங்கள், வார்ப்பிரும்புத் தூண்களையும் அச்சுப் பதித்த தகட்டு அலங்காரங்களையும் கொண்ட முழு முகப்புகளை விலைப்பட்டியல் மூலமாக விற்று, ரயிலில் அனுப்பின. தூணின் அடியில் குனிந்து பார்த்தால் நிறுவனத்தின் பெயர் வார்க்கப்பட்டிருக்கும். பெயரே தெரியாத உள்ளூர்க் கொத்தனார் கட்டிய கட்டடம் என்று நம்பப்படும் ஒன்றின் முகம் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து பெட்டியில் வந்திறங்கியது என்பதை அந்த எழுத்துகள் சொல்லும்.

இனி பேரேடு. உழவரின் கையில் பணம் வருவது அறுவடைக்குப் பின்னர்தான். செலவோ ஆண்டு முழுவதும் உண்டு. ஆகையால் கடைக்காரர் ஆண்டு முழுவதும் கடனுக்குக் கொடுத்தார். அன்றன்றைக்கு வாங்கப்பட்டவை சிட்டையில் குறிக்கப்பட்டு, பின்னர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய பேரேட்டுப் பக்கத்துக்கு ஏற்றப்பட்டன. வரவுப் பக்கத்தில் பணத்தோடு வெண்ணெய், முட்டை, தோல், விறகு, சில நாள் கூலி உழைப்பு ஆகியவையும் இடம்பெற்றன. ஊரில் வங்கி இல்லாதபோது ஒருவர் மற்றொருவருக்குத் தர வேண்டிய தொகையைக் கடைக்காரரே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றி எழுதித் தீர்த்துவைத்தார். இதனால்தான் அந்தக் கட்டடங்களில் பெரும்பாலும் கூடத்தின் பின்கோடியில், ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில், சாய்வு மேசையும் சில சமயம் இரும்புப் பெட்டகமும் கொண்ட ஒரு மூலை தடுத்து வைக்கப்பட்டிருந்தது. சிறிய அறைதான், ஆனால் அந்த ஊரின் பணப்புழக்கம் முழுவதும் அதன் வழியாகச் சென்றது.

சரக்கின் மீது விலை எழுதப்படவில்லை, எழுதினாலும் வாடிக்கையாளருக்குப் புரியாது. பத்து எழுத்துகளும் வேறுவேறாக அமைந்த ஒரு சொல்லையோ தொடரையோ கடைக்காரர் தேர்ந்துகொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் ஓர் இலக்கத்துக்குக் குறியாக்கி, கொள்முதல் விலையைச் சரக்கின் மேல் சங்கேதமாகக் குறித்துவைத்தார். விற்பனை விலை ஆளைப் பார்த்துச் சொல்லப்பட்டது: உடனே பணம் தருபவருக்கு ஒன்று, ஆறு மாதம் கழித்துத் தருபவருக்கு ஒன்று. கவுன்ட்டரின் உட்புறத்தில் நிற்பவருக்கு மட்டுமே தெரிந்த எண்களால் இயங்கிய வணிகம் அது. சரக்கையும் விலையையும் கணக்கையும் கடைக்காரர் பக்கமாகவும், காத்திருப்பதை வாடிக்கையாளர் பக்கமாகவும் பிரித்து நிறுத்திய எல்லைதான் அந்தக் கவுன்ட்டர்.

கடைக்காரரும் கடன்காரர்தான். ரயில்பாதை வருவதற்கு முன் அவர் ஆண்டுக்கு ஓரிரு முறை நியூயார்க், பிலடெல்பியா போன்ற நகரங்களுக்குப் பயணம் செய்து மொத்த வியாபாரிகளிடம் தவணைக்குச் சரக்கெடுத்தார். அவரிடம் கடனுக்கு வாங்கிய உழவர்கள் தவறினால் அவரும் தவறினார். இல்லினாய் மாநிலத்தின் நியூ சேலம் என்ற ஊரில் ஆபிரகாம் லிங்கனும் வில்லியம் பெர்ரியும் 1830களின் தொடக்கத்தில் கூட்டாக நடத்திய கடை இவ்வாறுதான் மூழ்கியது. கடன் பத்திரங்கள் எழுதிக் கொடுத்தே சரக்கையும் கடையையும் வாங்கியிருந்தார்கள். 1835இல் பெர்ரி இறந்ததும் சுமை முழுவதும் லிங்கன் மேல் விழுந்தது. அதை அவர் தம் 'தேசியக் கடன்' என்று குறிப்பிட்டார் என்பதும், அடைக்கப் பல ஆண்டுகள் ஆயின என்பதும் நன்கு அறியப்பட்டவை. ஊரும் நீடிக்கவில்லை, 1840 வாக்கில் அது ஏறத்தாழக் கைவிடப்பட்டது. இன்று அங்கே பார்வையாளர்கள் காணும் கடைகளும் வீடுகளும் பெரும்பாலும் 1930களில் திரும்ப எழுப்பப்பட்டவை.

தொலைதூரத்துக் கடைக்காரரை நம்பலாமா என்ற மொத்த வியாபாரிகளின் கவலையிலிருந்துதான் கடன் தகுதி அறிக்கை என்ற தொழிலே அமெரிக்காவில் பிறந்தது. 1837இன் நிதி நெருக்கடியில் கடுமையாக அடிபட்ட நியூயார்க் பட்டு வணிகர் லூயிஸ் டாப்பன், 1841இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, ஒவ்வொரு வட்டாரத்திலும் இருந்த வழக்கறிஞர்கள் முதலானோரிடமிருந்து கடைக்காரர்களைப் பற்றிய குறிப்புகளைத் திரட்டினார். கடைக்காரரின் வயது என்ன, குடிப்பழக்கம் உண்டா, நிலம் எவ்வளவு, மாமனார் பணக்காரரா என்பன வரை அந்தக் குறிப்புகளில் இருக்கும். பின்னாளில் ஆர்.ஜி.டன் நிறுவனமாக மாறிய அதன் கையெழுத்துப் பேரேடுகள் 2,500 தொகுதிகளுக்கும் மேல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பேக்கர் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1840களிலிருந்து 1880கள் வரையிலான ஒரு கடையின் வரலாற்றைத் தேடுபவருக்கு இதைவிட நேரடியான ஆதாரம் கிடைப்பது அரிது. உள்ளூர் நினைவுமலர்கள் புகழ்ந்து எழுதிய நிறுவனர், திவாலாகும் நிலையில் இருந்தவர் என்பது அங்கேதான் தெரியவரும்.

தென் மாநிலங்களில் இந்தக் கடன் வேறொரு முகம் எடுத்தது. இதை விரைவாகக் கடந்து செல்வது நேர்மையாகாது. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், நிலமும் ரொக்கமும் இல்லாத கறுப்பினக் குடும்பங்களும் ஏழை வெள்ளைக் குடும்பங்களும் பிறர் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்கைக் கொடுப்பதாக ஏற்று, உழுது பிழைத்தன. விதையும் உணவும் கடையிலிருந்து கடனாக வந்தன. இன்னும் விளையாத பருத்தியே அதற்கு ஈடு. விளைச்சலின் மீது முதல் உரிமை கடைக்காரருக்கோ நிலவுடைமையாளருக்கோ சட்டப்படி எழுதிக் கொடுக்கப்பட்டது. கடன் விலைக்கும் ரொக்க விலைக்கும் இருந்த வேறுபாட்டை வட்டியாகக் கணக்கிட்ட பொருளாதார வரலாற்றாளர்கள், ஜார்ஜியா மாநிலத்தில் அது ஆண்டுக்கு 50 சதவீதத்தையும் தாண்டியதாகக் கண்டார்கள். பருத்தியை விற்றும் கணக்குத் தீராதவர் அடுத்த ஆண்டும் அதே கடைக்கு, அதே நிலத்துக்குக் கட்டுப்பட்டார். பேரேட்டைத் தாமே படித்துச் சரிபார்க்கும் வாய்ப்புப் பலருக்கு மறுக்கப்பட்டிருந்தது. அங்கே கவுன்ட்டர் பிரித்து நிறுத்தியது சரக்கையும் வாடிக்கையாளரையும் மட்டும் அல்ல.

மிசிசிப்பி மாநிலத்தில் மணி என்ற சிற்றூரில், சாலையோரத்தில், கூரை விழுந்து கொடி படர்ந்த ஒரு செங்கல் கடையின் சுவர்கள் நிற்கின்றன. பிரையன்ட் மளிகை, இறைச்சிக் கடையாக அது 1955இல் இயங்கியது. அதன் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கறுப்பின வாரக்குடிகள். அந்த ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில் அந்தக் கடைக்குள் சென்று வந்தான். கவுன்ட்டரில் நின்ற வெள்ளையினப் பெண்ணிடம் அவன் வரம்பு மீறினான் என்ற குற்றச்சாட்டின் பேரில் சில நாட்களில் கடத்திச் செல்லப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டான். முழுக்க வெள்ளையினத்தவரைக் கொண்ட நடுவர் குழு குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் விடுவித்தது. சில மாதங்களில் அவர்கள் ஒரு பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் கொலையை ஒப்புக்கொண்டார்கள். பழைய பலசரக்குக் கடை என்றாலே கணப்பு அடுப்பைச் சுற்றி அமர்ந்து கதை பேசிய இனிய காலம் என்று எழுதும் பழக்கத்தை நான் ஏற்காததற்கு இந்தக் கட்டடம் ஒன்றே போதுமான காரணம். அடுப்பைச் சுற்றி யார் அமரலாம், யார் கதவருகே நின்று வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பதும் கட்டடத்தின் வரலாற்றில் சேர்ந்ததுதான்.

அஞ்சல் நிலையத்தைப் பற்றிச் சொல்லாமல் கடை வரலாறு முழுமையாகாது. சிற்றூர்களில் கடைக்காரரே அஞ்சலதிகாரியாக இருப்பது மிகச் சாதாரணம். கடிதம் வாங்க வருபவர் ஏதாவது வாங்காமல் போவதில்லை என்பதால் அந்தப் பதவிக்குப் போட்டி இருந்தது. அது அரசியல் நியமனம். ஆளும் கட்சி மாறினால் அஞ்சலதிகாரியும் மாறுவார்; குரோவர் கிளீவ்லாண்டின் முதல் ஆட்சிக்காலமான 1885க்கும் 1889க்கும் இடையே, அஞ்சல் துறையின் துணைப் பொறுப்பிலிருந்த அட்லாய் ஸ்டீவன்சன் சுமார் 40,000 அஞ்சலதிகாரிகளை மாற்றினார். அஞ்சல் அறைகள் கொண்ட சிறு கண்ணாடிக் கதவு அலமாரி பெரும்பாலும் அஞ்சலதிகாரியின் சொந்தச் சொத்து என்பதால், அது எதிர்க்கடைக்கு விற்கப்படும். நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பியும் வரும். ஆகவே ஒரு கடையில் அஞ்சல் அலமாரி இன்று இருக்கிறது என்பதால் அது அங்கேயே தொடக்கத்திலிருந்து இருந்தது என்று முடிவுகட்டக் கூடாது. நியமனப் பதிவேடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயரையும் தேதியையும் ஒப்பிட்டால் அஞ்சல் எந்தக் கட்டடத்தில் எந்த ஆண்டுகளில் இருந்தது என்று பெரும்பாலும் கணித்துவிடலாம்.

1901இல் நாட்டில் 76,945 அஞ்சல் நிலையங்கள் இருந்தன; அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை மீண்டும் எட்டப்படவே இல்லை. காரணம், கிராமப்புற வீடுகளுக்கே நேராகக் கடிதம் கொண்டு சேர்க்கும் திட்டம். 1896 அக்டோபர் 1 அன்று மேற்கு வர்ஜீனியாவில் சோதனையாகத் தொடங்கிய அது 1902இல் நிரந்தரமாக்கப்பட்டது. கடிதத்துக்காகக் கடைக்கு வர வேண்டிய தேவை நின்றது. அதே தபால்காரரின் வண்டியில்தான் சிகாகோ நிறுவனங்களின் விலைப்பட்டியல்களும் வந்தன: ஆரன் மான்ட்கமரி வார்டு 1872இல் ஒற்றைத் தாளில் தொடங்கியது, 1890களில் சியர்ஸ் ரோபக் நிறுவனத்தால் பெரும் புத்தகமாகிவிட்டிருந்தது. பட்டியலில் விலை அச்சிடப்பட்டிருந்தது. அது எல்லாருக்கும் ஒரே விலை. சங்கேத எழுத்துகளுக்குப் பின்னால் பாதுகாப்பாக இருந்த கடைக்காரரின் விலை முதன்முறையாக வாடிக்கையாளரின் சமையலறை மேசையில் ஒப்பிடப்பட்டது. 1913 ஜனவரி 1 முதல் அரசு அஞ்சலே கனமான பொட்டலங்களையும் எடுத்துச் செல்லத் தொடங்கியபோது, அதை நீண்ட காலம் எதிர்த்துவந்தவர்களில் சிற்றூர்க் கடைக்காரர்கள் முன்வரிசையில் இருந்ததில் வியப்பில்லை.

கூடத்தின் உள்ளேயும் மாற்றங்கள் நடந்தன. பீப்பாய்கள்தாம் முதலில் மறைந்தன. 1898இல் உருவான நேஷனல் பிஸ்கட் நிறுவனம், மெழுகுத்தாள் உறையிட்ட அட்டைப் பெட்டியில் பிஸ்கட்டை விற்கத் தொடங்கியபின், பீப்பாயிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுப்பது பழைய பாணியாகிவிட்டது. 1906இன் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டம் பெட்டியின் மேல் எழுதப்பட்டது உண்மையாக இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. பெயர் அச்சிட்ட பெட்டி வந்தபின் வாடிக்கையாளருக்குக் கடைக்காரரின் வாக்கு தேவைப்படவில்லை, பெட்டியே பேசியது. ஒஹையோவின் டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி 1879இல் உருவாக்கிய பணப்பதிவு இயந்திரம், 1884இல் ஜான் பாட்டர்சன் கைக்கு மாறியபின் நாடெங்கும் பரவியது. பின்மூலையிலிருந்த கணக்கு மேசையின் முக்கியத்துவம் குறைந்து, பணம் வாங்கும் இடம் வாசலை நோக்கி நகர்ந்தது.

கவுன்ட்டருக்கே முடிவு வந்தது 1916இல். டென்னசியின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் திறந்த பிக்லி விக்லி கடையில் வாடிக்கையாளர்கள் சுழல்கதவு வழியாக உள்ளே சென்று, ஒரே வழித்தடத்தில் நடந்து, தாங்களே தட்டுகளிலிருந்து பொருள்களை எடுத்துக்கொண்டு, வெளியேறும் இடத்தில் பணம் கொடுத்தார்கள். 1917இல் அந்த அமைப்புக்கு அவர் காப்புரிமையும் பெற்றார். சிற்றூர்க் கடைகள் உடனே மாறிவிடவில்லை. பல பத்தாண்டுகள் ஆயின. ஆனால் சங்கிலிக் கடைகள் பெருகி, அவற்றுள் பெரியதான ஏ அண்ட் பி நிறுவனம் மட்டுமே 1930 வாக்கில் 15,000க்கும் மேற்பட்ட கடைகளை நடத்திய சூழலில், தனிக் கடைக்காரர்கள் நீண்ட கவுன்ட்டரை அறுத்து, ஒரு துண்டை மட்டும் வாசலருகே வைத்துக்கொண்டு, கூடத்தின் நடுவில் தட்டுகளை நிறுத்தினார்கள். மின்சாரம் வந்தபின் குளிர்பெட்டிகள் பின்சுவரை அடைத்துக்கொண்டன. பின்ஜன்னலுக்குப் பலகை அடிக்கப்பட்டது.

வாசலில் பெட்ரோல் பம்பு வந்ததற்கும் கடைக்குள்ளேயே ஒரு முன்கதை உண்டு. இந்தியானாவின் ஃபோர்ட் வெய்ன் நகரில் 1885இல் சில்வேனஸ் பவுசர் தம் முதல் பம்பைச் செய்தது, ஒரு மளிகைக் கடைக்காரர் மண்ணெண்ணெயைச் சிந்தாமல் அளந்து விற்பதற்காக. மண்ணெண்ணெய் ஒழுகி வெண்ணெயைக் கெடுத்ததுதான் தூண்டுதல் என்று சொல்லப்படுகிறது. மோட்டார் வண்டிகள் பெருகியதும் அதே வகைப் பம்பு கடையின் முன்னால் தெருவோரத்துக்கு வந்தது. வண்டித்தட்டு மட்டத்திலிருந்த தாழ்வாரம் இடைஞ்சலாகி, பல இடங்களில் வெட்டப்பட்டது அல்லது மண் நிரப்பித் தாழ்த்தப்பட்டது. கடைக்கு ஆள் கொண்டுவந்த அதே வண்டிதான் அவர்களை முப்பது மைல் தள்ளியிருந்த பெரிய கடைக்கும் கொண்டுபோனது.

இத்தனை அடுக்குகளையும் ஒரு குறிப்பிட்ட கட்டடத்தில் பிரித்தறிவது எப்படி? ஆவணங்களில் மிகப் பயனுள்ளவை 1867 முதல் வெளிவந்த சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள். செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பிலும், மரக்கட்டடம் மஞ்சளிலும், கல் கட்டடம் நீலத்திலும் தீட்டப்பட்டிருக்கும். தாழ்வாரம், பின்னிணைப்பு, மாடிக்கூடம் ஆகியவை வரையப்பட்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்திய பதிப்பு வரும். இரு பதிப்புகளுக்கு நடுவே மஞ்சள் சிவப்பாகியிருந்தால், மரக்கடை போய்ச் செங்கல் கடை வந்த காலம் சில ஆண்டு இடைவெளிக்குள் சிக்கிவிடும். நிலப்பத்திரங்களைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை அவசியம்: பத்திரத் தேதி மனை கைமாறிய தேதியே தவிரக் கட்டடம் எழுந்த தேதி அல்ல. வாசலில் மாட்டப்பட்ட பலகைகளில் காணப்படும் பல தவறான ஆண்டுகள் இந்தக் குழப்பத்தில் பிறந்தவை. வரிப்பதிவேட்டில் அந்த மனையின் மதிப்பு திடீரென்று உயரும் ஆண்டைப் பார்ப்பதே நல்ல வழி.

கட்டடமும் தானே சாட்சி சொல்லும். தகட்டிலிருந்து வெட்டிய சதுர ஆணிகள் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வழங்கின. 1890 வாக்கில் உருண்டைக் கம்பி ஆணிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பலகையின் பின்புறத்தில் நேர்கோட்டு அறுவைத் தடங்கள் இருந்தால் மேலும் கீழும் அசையும் பழைய வாள். வளைந்த தடங்கள் இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பரவிய வட்டவாள். பழைய பலகையைப் பிடுங்கி மறுபடியும் பயன்படுத்துவது சிக்கனமான அந்த ஊர்களில் வழக்கம் என்பதால், ஓர் ஆணியை மட்டும் நம்பித் தேதி சொல்வது ஆபத்து.

1966இல் இயற்றப்பட்ட தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உருவான தேசியப் பதிவேட்டில் இத்தகைய கடைகள் பல இடம்பெற்றுள்ளன. பொதுவாக 50 ஆண்டுப் பழமை எதிர்பார்க்கப்படுகிறது. பதிவேட்டில் சேர்ந்தாலே கட்டடத்தை இடிக்க முடியாது என்று பலர் நம்புகிறார்கள். தனியார் உரிமையாளர் தம் பணத்தில் எதையும் செய்வதை அந்தப் பதிவு தடுப்பதில்லை. வருமானம் தரும் கட்டடமாக இருந்து, வகுக்கப்பட்ட விதிகளின்படி சீரமைத்தால், செலவில் 20 சதவீதம் கூட்டரசு வரிச்சலுகையாகக் கிடைக்கும் என்பதே நடைமுறைப் பலன். அந்த விதிகளில் ஒன்று, பிற்காலத்தில் செய்யப்பட்ட மாற்றங்களும் தமக்கென முக்கியத்துவம் பெற்றிருந்தால் அவற்றையும் காக்க வேண்டும் என்கிறது. அதிகம் மீறப்படுவது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1880களின் தோற்றத்தைக் கொண்டுவரும் ஆசையில் 1930களின் பெட்ரோல் பம்பும் 1940களின் குளிர்பெட்டியும் குப்பையென அகற்றப்படுகின்றன. எங்கிருந்தோ வாங்கிவந்த பீப்பாய்கள் நடுக்கூடத்தில் வைக்கப்படுகின்றன.

பிழைத்திருக்கும் கடைகளில் இரண்டு வெவ்வேறு வழிகளைக் காட்டுகின்றன. வட கரோலினாவின் வாலே குருசிஸ் ஊரில் 1880களின் தொடக்கத்தில் தொடங்கிய கடை, 1897இல் பாதியும் 1913இல் முழுவதுமாக மாஸ்ட் குடும்பத்திடம் வந்தது. 1970களின் இறுதியில் மூடப்பட்டு, 1980இல் புதிய உரிமையாளர்களால் திறக்கப்பட்டது. இன்று அது சுற்றுலாப் பயணிகளால் வாழ்கிறது. வெர்மான்ட்டின் பார்னார்டு ஊரிலோ, 2012இல் கடை மூடப்பட்டபோது ஊர் மக்களே அறக்கட்டளை அமைத்து, பணம் திரட்டிக் கட்டடத்தை வாங்கி, நடத்துவதற்கு ஆளைத் தேடி, அடுத்த ஆண்டு திறந்தார்கள். கட்டடத்தைக் காப்பதைவிட, காலையில் பால் வாங்கவும் அண்டை வீட்டாரைப் பார்க்கவும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்ற தேவைதான் அங்கே முன்னால் நின்றது. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் கட்டடத்தின் பழைய இயல்புக்கு நெருக்கமானதாகத் தெரிகிறது.

எந்த வழியானாலும் சீரமைப்பின் தொடக்கத்தில் நடக்கும் ஒரு வேலை மிகுந்த இழப்பை உண்டாக்குகிறது: தரையை இயந்திரத்தால் தேய்த்து மெருகேற்றுவது. கவுன்ட்டர் எப்போதோ போயிருக்கும். அது நின்ற இடம் தரையில் தேயாத பட்டையாக, ஆணித்துளைகளின் வரிசையோடு, இரு பக்கமும் நீண்டிருக்கும். அந்தப் பட்டைக்கும் சுவருக்கும் நடுவே கடைக்காரர் நாள் முழுவதும் முன்னும் பின்னும் நடந்த குறுகிய பள்ளம். பட்டைகளுக்கு நடுவே வாடிக்கையாளர்கள் நின்ற அகலமான தேய்வு. கணப்பு இருந்த இடத்தில் தீப்பொறி பட்ட கரும்புள்ளிகள். பின்கோடியில் கணக்கு மேசைக்கு முன்னால், ஆட்கள் நின்று காத்திருந்த ஒரு சிறு குழிவு. மெருகு இயந்திரத்தை உள்ளே கொண்டுவருவதற்கு முந்தைய நாள், ஒருவர் அளவு நாடாவோடும் பென்சிலோடும் வந்து, பலகை பலகையாக அதை வரைந்துகொண்டால் போதும்.